ஆடு உண்டதும் ஆட்டுக்குச் சேர்ந்ததும்

புதுச்சேரிக்கு வடக்கே, கடற்கரைச் சாலையை ஒட்டி, விழுப்புரம் மாவட்டத்து வானூர் வட்டத்தில் பொம்மையார்பாளையம் என்னும் ஊர் உள்ளது. கிழக்கே அலைகடல், மேற்கே செம்மண் மேடு, இரண்டிற்கும் இடையே, மழைநீர் மண்ணை அறுத்துக்கொண்டு இறங்கிய ஓடைகள். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்யும் மழையில் அந்த மேட்டுநிலம் பசுமை பெறும். தை மாசி வரையில் செம்மறி மந்தைக்கு மேய்ச்சல் கிடைக்கும். பங்குனி பிறந்துவிட்டால் புல் காய்ந்து சருகாகும். சித்திரை வைகாசியில் அந்தச் சருகும் அருகிவிடும். அக்காலத்தில் ஆடு வளர்ப்போர் கைப்பொருளைச் செலவிட்டு மணிலாப் புண்ணாக்கு வாங்கி, ஆட்டுக்கு ஒரு கைப்பிடி, இரண்டு கைப்பிடி என்று கொடுப்பர்.

மாணவ நண்பர்களே! இன்று நான் உங்கள் முன் வைக்கும் வினா மிகச் சிறியது. ஒரே எடையுள்ள இரண்டு செம்மறிகள் உள்ளன என்று கொள்வோம். ஒன்று நாள் முழுதும் மேய்ந்து வயிறு நிறைந்தது. மற்றொன்று அரைவயிற்றோடு திரும்பியது. இரண்டிற்கும் அதே கைப்பிடிப் புண்ணாக்கைக் கொடுக்கிறோம். அந்தப் புண்ணாக்கிலுள்ள புரதத்தால் எந்த ஆடு மிகுந்த பயன் பெறும்? பசித்த ஆடுதான் என்று நம் இரக்கம் கூறும். பசித்தவனுக்கு இட்ட சோறு உடலில் ஒட்டும் என்பது உலக வழக்கு. ஆயினும் விஞ்ஞானம் கண்ட விடை வேறு. அந்த விடையைக் காண மனித குலத்திற்கு ஒன்றரை நூற்றாண்டிற்கும் மேலாயிற்று. அந்த வரலாற்றைத்தான் இன்று கூற விழைகிறேன்.

முதலில் அமினோ அமிலம் என்பது யாது என்று அறிந்துகொள்வோம். இறைச்சி, தோல், மயிர், பால், குருதி ஆகிய அனைத்திலும் புரதம் உள்ளது. நூலில் மணிகளைக் கோத்தாற்போல, ஏறத்தாழ இருபது வகை அமினோ அமிலங்கள் கோக்கப்பட்டு அமைந்ததே புரதம். உண்ட புரதம் குடலில் மணி மணியாகப் பிரிந்து, குடற்சுவரின் வழியாகக் குருதியில் சேரும். அவ்வாறு சேர்வதையே உட்கவர்தல் என்கிறோம். குருதியில் சேர்ந்த மணிகளை உடல் தனக்கு வேண்டிய முறையில் மீண்டும் கோத்துக்கொள்கிறது.

இந்த அறிவின் தொடக்கத்திலேயே செம்மறி ஆடு இடம்பெற்றிருப்பது வியப்பானது. 1820-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் ஆன்றி பிராக்கோனோ என்பவர் ஊன்பசையை அமிலத்தில் கொதிக்கவைத்து, கிளைசின் என்னும் இனிப்பான பொருளைப் பிரித்தார். அதே முறையில் தசைநாரையும் ஆட்டுக் கம்பளி மயிரையும் சோதித்தபொழுது லியூசின் என்னும் மற்றொரு பொருள் கிடைத்தது. இரண்டும் அமினோ அமிலங்களே. 1838-இல் முல்டர் என்னும் டச்சு அறிஞர் புரோட்டீன் என்ற பெயரை அச்சில் வழங்கினார்.

1883-இல் கோப்பன்ஹேகன் நகரில் கெல்டால் என்பவர் ஒரு பொருளில் எவ்வளவு நைட்ரஜன் உள்ளது என்று எளிதில் அளக்கும் முறையைக் கண்டறிந்தார். நம் உழவர் தழைச்சத்து என்று கூறுவதும் இந்த நைட்ரஜனையே. புரதத்தில் ஏறத்தாழ நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன். ஆதலால் நைட்ரஜன் அளவை 6.25-ஆல் பெருக்கினால் புரதத்தின் அளவு கிடைக்கும் என்று கொண்டனர். தீவனத்தில் உள்ளதை அளந்தனர். சாணத்தில் வெளியேறுவதை அளந்தனர். இரண்டிற்கும் உள்ள வேறுபாடே ஆட்டுக்குச் சேர்ந்தது என்று எழுதினர். பல பத்தாண்டுகள் கால்நடைத் தீவன அட்டவணைகள் இந்தக் கணக்கின்மீதே நின்றன. நம் நாட்டிலும் 1920-களில் பெங்களூரில் வார்த் என்பவர் தலைமையில் நடந்த கால்நடை உணவாராய்ச்சியும், பின்னர் இசத்நகரில் தொடர்ந்த பணியும் வைக்கோல், தட்டை, புண்ணாக்கு முதலியவற்றைப் பொறுமையோடு அளந்து அட்டவணைப்படுத்தின. அவ்வுழைப்பு மதிப்புடையது. ஆயினும் அந்த அட்டவணை ஒன்றைச் சொல்லவில்லை. வாய்க்கும் சாணத்திற்கும் இடையே, ஆட்டின் வயிற்றுக்குள் நடப்பது என்ன என்பதே அது.

ஆட்டின் வயிறு நம் வயிற்றைப் போன்றதன்று. அதற்கு நான்கு அறைகள். தின்ற தழை முதலில் போய்ச் சேர்வது முதல் வயிறு என்னும் பேரறை. அங்கே செரிமான நீர் சுரப்பதில்லை. அதற்கு மாறாகக் கோடானுகோடி நுண்ணுயிர்கள் அங்கே குடியிருக்கின்றன. ஆடு நாளொன்றுக்கு 6 முதல் 16 லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரந்து அந்தக் குடியிருப்பை நனைக்கிறது. அசைபோட்டு, தழையைத் துகளாக்கிக் கொடுக்கிறது. நுண்ணுயிர்கள் அதை நொதிக்கச் செய்து தாம் உண்கின்றன. பந்திக்கு முந்து என்பது பழமொழியல்லவா? ஆட்டின் வயிற்றில் பந்திக்கு முந்துவன நுண்ணுயிர்கள். ஆடு இரண்டாம் பந்தியில்தான் அமர்கிறது. நான்காம் வயிற்றிலும் சிறுகுடலிலும் அது செரிப்பவற்றுள் பெரும்பகுதி, முதல் வயிற்றிலிருந்து அடித்துவரப்பட்ட நுண்ணுயிர்களின் உடல்களே.

நுண்ணுயிர்கள் புரதமல்லாத நைட்ரஜனையும் புரதமாக்க வல்லவை என்ற கருத்தை 1891-இல் ஜெர்மன் அறிஞர் சுன்ட்ஸ் முன்வைத்தார். அது ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது 1949-இல். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லூஸ்லியும் அவர்தம் கூட்டாளிகளும், யூரியா ஒன்றையே நைட்ரஜன் மூலமாகக் கொண்ட தீவனத்தைச் செம்மறிகளுக்குக் கொடுத்தனர். பத்து இன்றியமையா அமினோ அமிலங்களும் முதல் வயிற்றில் உண்டாகியிருக்கக் கண்டனர். உரமாக வயலில் தூவும் யூரியாவிலிருந்து புரதத்தைப் படைக்கும் தொழிற்சாலை ஆட்டின் வயிற்றில் உள்ளது என்று உலகம் அறிந்தது.

இந்தத் தொழிற்சாலைக்கு ஒரு குறையும் உண்டு. நல்ல புரதம் வந்தாலும் நுண்ணுயிர்கள் அதை உடைத்து அம்மோனியாவாக்கிவிடும். அந்த அம்மோனியாவைப் பற்றிக்கொண்டு தம் உடலை வளர்ப்பதற்கு அவற்றிற்கு மாவுப்பொருளிலிருந்தும் நார்ப்பொருளிலிருந்தும் கிடைக்கும் ஆற்றல் வேண்டும். ஆற்றல் போதாவிடில் அம்மோனியா தேங்கும். வயிற்றுச் சுவர் வழியே குருதியில் கலக்கும். கல்லீரல் அதை யூரியாவாக மாற்றும். அதிற் பெரும்பங்கு சிறுநீரில் போய்விடும். முதல் வயிற்றிலிருந்து அம்மோனியா குருதியில் சேர்வதைச் செம்மறியில் நேரே காட்டியவர் ஐ. டபிள்யூ. மக்டொனால்டு, ஆண்டு 1948. சாணத்தில் வெளிப்படாததெல்லாம் உடலுக்குச் சேர்ந்தது என்ற பழைய கணக்கு அன்றே ஆட்டம் கண்டது. காசு கொடுத்து வாங்கிய புண்ணாக்கு சாணத்தில் போகவில்லை. ஆனால் தசையிலும் சேரவில்லை. சிறுநீராக மண்ணில் இறங்கிற்று.

இந்நிலையில் அறிவியல் வரலாற்றின் அழகான நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழில் ஆராய்ச்சிச் சங்கம் ஒன்று இருந்தது. கம்பளி மயிரிலுள்ள அமினோ அமிலங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்து அளப்பது அங்குப் பெரிய சிக்கலாக இருந்தது. மார்ட்டின், சிங் என்னும் இரு இளைஞர்கள் 1941-இல் அதற்கு ஒரு புதிய முறையை வெளியிட்டனர். 1944-இல் மார்ட்டினும் வேறு இரு நண்பர்களும் அதனை இன்னும் எளிதாக்கி, ஒரு தாளில் துளி கலவையை இட்டு, நீர்மம் தாளில் ஊரும்பொழுது அமினோ அமிலங்கள் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரியும்படி செய்தனர். பள்ளி ஆய்வகத்தில் மைத்துளியை வடிதாளில் இட்டு நீங்கள் செய்து பார்க்கும் வண்ணப்பிரிகை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. 1952-இல் மார்ட்டினுக்கும் சிங்குக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆட்டு மயிருக்காகப் பிறந்த அந்தக் கருவி ஆட்டின் வயிற்றுக்கே திரும்பி வந்தது. சிங் 1948-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகருக்கருகில் அப்பொழுது இருந்த ரௌவெட் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். 1954-இல் அவரும் சால்மர்ஸ், கத்பர்ட்சன் என்போரும் செம்மறிகளில் முதல் வயிற்று அம்மோனியாவை ஆராய்ந்தனர். பால்புரதமாகிய கேசீனைச் சூடேற்றிப் பதப்படுத்திக் கொடுத்தால் அம்மோனியா குறைவாக உண்டாகிறது என்றும், ஆடு அந்தப் புரதத்தை மேலும் நன்கு பயன்படுத்திக்கொள்கிறது என்றும் கண்டனர். ஆஸ்திரேலியாவில் ரீஸ், ஷிங்கெல் என்போர் கேசீனையும், கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்களையும் குழாய் வழியே நேராக நான்காம் வயிற்றில் செலுத்தினர். கம்பளி வளர்ச்சி வெகுவாக மிகுந்தது. கந்தக அமினோ அமிலங்களைப் பற்றிய அவர்கள் கட்டுரை 1963-இல் வெளிவந்தது. 1967-இல் அந்நாட்டினரே பார்மால்டிஹைடு கொண்டு கேசீனைப் பதப்படுத்தி, நுண்ணுயிர்களின் கையில் சிக்காமல் குடல் வரை கொண்டு சேர்க்கும் வழியைக் காட்டினர். இன்று நம் நாட்டில் தப்பிச் செல்லும் புரதம் என்று பெயர்பெற்று விற்கப்படும் மாட்டுத் தீவனங்களின் மூலம் அதுவே.

இதுவரை புரதத்தின் வகையைப் பற்றிய வரலாறு. இனி உண்ணும் அளவைப் பற்றிய வரலாற்றிற்கு வருவோம். நம் வினாவிற்கு விடை இங்கேதான் உள்ளது.

சிறுகுடலின் தொடக்கத்திலும் முடிவிலும் குழாய் பொருத்திய செம்மறிகளைக் கொண்டு, எவ்வளவு அமினோ அமிலம் உள்ளே வருகிறது, எவ்வளவு மறைகிறது என்று 1960-களிலிருந்து அளந்தனர். சிறுகுடலுக்கு வந்த அமினோ அமிலத்தில் நூற்றுக்கு இத்தனை பங்கு உட்கவரப்படுகிறது என்னும் விகிதம், ஆடு குறைவாக உண்டாலும் மிகுதியாக உண்டாலும் பெரிதாக மாறவில்லை. மாறியது, சிறுகுடலுக்கு வந்து சேரும் அளவு. ஆடு மிகுதியாக உண்டபொழுது, உண்ட அளவின் விகிதத்தையும் மீறி அமினோ அமிலம் குடலை அடைந்தது. இதற்குக் காரணம் என்ன?

ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரிக்குள் நீர்வரத்து மெல்லியதாயின் நீர் நெடுநாள் தேங்கி நிற்கும். வெயில் ஒரு பங்கைக் குடிக்கும். மதகைத் தாண்டி வயலுக்குச் செல்வது சிறிதே. வரத்து மிகுந்தால் நீர் விரைந்து மதகைக் கடக்கும். ஆட்டின் முதல் வயிறும் அத்தகையதே. குறைவாக உண்ணும் ஆட்டின் வயிற்றில் தீவனம் நெடுநேரம் தங்கும். நுண்ணுயிர்கள் பிறந்த இடத்திலேயே முதுமை எய்தும். சில தாமே சிதையும். சிலவற்றைப் பெரிய நுண்ணுயிர்கள் விழுங்கும். கிடைத்த ஆற்றலில் பெரும்பங்கு, வளர்ச்சிக்குப் பயன்படாமல், அவை உயிர் தரித்திருப்பதற்கே செலவாகும். நிறைய உண்ணும் ஆட்டில் பொருள் விரைந்து நகர்கிறது. இளமையான நுண்ணுயிர்கள் உடனுக்குடன் குடலுக்கு அடித்துச் செல்லப்படுகின்றன. தீவனப் புரதத்திலும் ஒரு பகுதி, உடைபடும் முன்பே தப்பிக் குடலைச் சேர்கிறது. ஆக, இருவகை ஆதாயம்.

1979-இல் ரௌவெட் நிலையத்தில் எர்ஸ்கோவ் என்பவரும் ஐ. மக்டொனால்டு என்பவரும் (முன்னர்க் கூறிய மக்டொனால்டு வேறு, இவர் வேறு) இதனைக் கணித வடிவில் தந்தனர். நைலான் பைகளில் தீவனத்தை இட்டு முதல் வயிற்றில் தொங்கவிட்டு, எந்த வேகத்தில் புரதம் உடைகிறது என்று அளக்கலாம். உடைபடும் வேகத்திற்கும் வெளியேறும் வேகத்திற்கும் இடையே நடக்கும் போட்டியே எவ்வளவு புரதம் தப்பும் என்பதை முடிவுசெய்கிறது என்று அவர்கள் காட்டினர். இதன் பொருளைச் சற்று எண்ணிப் பாருங்கள். புண்ணாக்கின் மதிப்பு புண்ணாக்கில் மட்டும் இல்லை. அதைத் தின்ற ஆடு அன்று எவ்வளவு தின்றது என்பதிலும் உள்ளது!

1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் வேளாண்மை, உணவு ஆராய்ச்சி மன்றம் அமைத்த குழு இதற்கு எண்களையும் வகுத்தது. நொதித்தலுக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஒவ்வொரு மெகாஜூலுக்கும் எத்தனை கிராம் நுண்ணுயிர்ப் புரதம் விளையும் என்பது அக்கணக்கு. உடல் எடை ஏறாமலும் இறங்காமலும் நிற்கும் அளவிற்கு உண்ணும் ஆட்டில் 9 கிராம். வளரும் ஆட்டில் 10 கிராம். பால் கொடுக்கும் ஆட்டில் 11 கிராம். பார்வைக்கு வேறுபாடு சிறிது. பெருக்கிப் பார்த்தால் அதன் வலிமை விளங்கும்.

கணக்கு எளிதாவதற்காக, எடை குறையாமல் நிற்பதற்கு ஓர் ஆட்டிற்கு நாளொன்றுக்கு 5 மெகாஜூல் வேண்டும் என்று கொள்வோம். அந்த அளவு உண்டால் 5 பெருக்கல் 9, அதாவது 45 கிராம் நுண்ணுயிர்ப் புரதம். அதே ஆடு இருமடங்கு உண்டு வளர்ந்தால் 10 பெருக்கல் 10, ஆக 100 கிராம். குட்டியீன்ற ஆடு மும்மடங்கு உண்ணுமாயின் 15 பெருக்கல் 11, ஆக 165 கிராம். இந்தப் புரதத்தில் உண்மையான அமினோ அமிலம் நூற்றுக்கு 75 பங்கு; அதில் செரிப்பது நூற்றுக்கு 85 பங்கு என்பது அக்குழு கொண்ட அளவு. எனவே உட்கவரப்படுவது முறையே ஏறத்தாழ 29, 64, 105 கிராம். தீவனம் மும்மடங்காயிற்று, அமினோ அமிலமோ மூன்றரை மடங்கைத் தாண்டிற்று. நுண்ணுயிர்களுக்கு வேண்டிய நைட்ரஜன் குறைவின்றி இருந்தால்தான் இக்கணக்கு பொருந்தும் என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும்.

மிகுதியாக உண்பதில் இழப்பே இல்லையோ என்று கூர்மையான மாணவர் கேட்கலாம். உண்டு. தீவனம் விரைந்து கடப்பதால் நார்ப்பொருள் முற்றும் செரியாமல் சிறிது வெளியேறும். செரிமான விகிதம் சற்றுக் குறையும். பழைய அட்டவணையை மட்டும் பார்ப்பவர் இதனைக் கண்டு, குறைவாக உண்ணும் ஆடே சிக்கனமான ஆடு என்று முடிவுகட்டிவிடக்கூடும். விகிதத்தைக் கண்டு மொத்தத்தை மறப்பதால் வரும் பிழை அது.

வரலாறு இத்துடன் முடியவில்லை. குடற்சுவரைக் கடந்த அமினோ அமிலம் முழுதும் தசைக்கும் பாலுக்கும் போய்ச் சேர்கிறதா? 1997-இல் ரௌவெட் நிலையத்தைச் சேர்ந்த மக்ரேயும் பிறரும் ஆட்டுக்குட்டிகளில் குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் குருதியை ஆராய்ந்தனர். சிறுகுடலில் மறைந்த அளவைக் காட்டிலும், கல்லீரலின் வாயிலை அடைந்த அளவு குறைந்திருந்தது. இடையில் எடுத்துக்கொண்டது யார்? வயிறும் குடலுமே. உடற்புரதத்தில் குடலின் பங்கு சிறிதே. ஆயினும் உடல் நாள்தோறும் புதிதாக ஆக்கும் புரதத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குடலில்தான் ஆக்கப்படுகிறது. ஓயாமல் தேயும் உள்தோலைக் குடல் ஓயாமல் புதுப்பிக்கவேண்டும் அன்றோ? வாய்க்காலில் விட்ட நீரை வாய்க்கால் மண் முதலில் குடிக்கும். மிஞ்சியதே கடைமடைக்குப் போகும். நீர் குறைந்த நாளிலும் வாய்க்கால் மண் குடிப்பதை நிறுத்துவதில்லை. பட்டினி கிடக்கும் ஆட்டின் குடலும், வரும் தீவனம் குறைந்துவிட்டது என்பதற்காகத் தன் செலவை நிறுத்துவதில்லை. குருதியில் ஓடும் அமினோ அமிலத்தையே எடுத்துக்கொள்கிறது. அதை ஈடுசெய்யத் தசை கரைகிறது. கோடையில் ஆட்டின் முதுகெலும்பும் விலாவும் புடைத்துத் தோன்றுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று.

இப்பொழுது நம் இரண்டு செம்மறிகளிடம் திரும்பலாம். வயிறு நிறைந்த ஆட்டில் அந்தக் கைப்பிடிப் புண்ணாக்கின் ஒரு பகுதி உடைபடாமல் தப்பிற்று. உடைந்த பகுதியின் அம்மோனியாவை ஆற்றல் பெற்ற நுண்ணுயிர்கள் பற்றிக்கொண்டன. அவை விரைந்து குடலைச் சேர்ந்தன. குடல் தன் பங்கை எடுத்த பின்னும் மிச்சம் இருந்தது. அரைவயிற்று ஆட்டில் புண்ணாக்கு நெடுநேரம் தங்கிற்று. பெரும்பகுதி அம்மோனியா ஆயிற்று. அதைப் பற்றிக்கொள்ள ஆற்றல் போதவில்லை. கிடைத்த சிறிதும் குடலின் செலவிற்கே சரியாயிற்று. இயற்கை பசித்த ஆட்டை முற்றும் கைவிட்டுவிடவில்லை. புரதம் குறைந்த காலத்தில், சிறுநீரில் போகவேண்டிய யூரியாவின் ஒரு பகுதியை உமிழ்நீர் வழியாகவும் வயிற்றுச் சுவர் வழியாகவும் முதல் வயிற்றுக்கே திருப்பியனுப்பும் ஏற்பாடு ஆட்டிடம் உண்டு. ஆனால் அந்தச் சிக்கனத்திற்கும் நுண்ணுயிர்களுக்கு ஆற்றல் வேண்டும். அதாவது, ஆடு ஏதேனும் உண்டிருக்கவேண்டும்.

பசித்த ஆட்டிற்குக் கொடுப்பது வீண் என்பது இதன் பொருளன்று. புண்ணாக்கை மட்டும் கொடுத்தால் அது வீணாகும் என்பதே இதன் பொருள். இங்கே இன்னுமொரு நுட்பம் உள்ளது. ஆடு ஏன் குறைவாக உண்கிறது? தீவனம் இல்லாமை ஒரு காரணம். தீவனம் இருந்தும் உண்ணாமை மற்றொரு காரணம். நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே. நுண்ணுயிர்கள் செவ்வனே தொழில் செய்ய ஏறத்தாழ ஏழு பங்கேனும் வேண்டும். அது குறைந்தால் நார் செரிப்பது தாமதமாகும்; வயிறு காலியாவதில்லை; ஆடு மேலும் உண்ண மறுக்கிறது. 1965-இல் ஆஸ்திரேலியாவில் ஈகன் என்பவர், புரதம் குறைந்த உலர்தீவனத்தை உண்ட செம்மறிகளின் சிறுகுடலுக்குள் குழாய் வழியே கேசீன் செலுத்தினார். ஆடுகள் தாமாகவே அந்த உலர்தீவனத்தை முன்னிலும் மிகுதியாக உண்டன. உணவு மிகுந்தால் அமினோ அமிலம் மிகும். அமினோ அமிலம் மிகுந்தால் உணவு மிகும். ஒன்று இளைத்தால் மற்றொன்றும் இளைக்கும். வறுமையைப் போலவே இதுவும் ஒரு சுழல்.

இந்தச் சுழலை அறுக்கும் முயற்சி நம் நாட்டிலும் நடைபெற்றது. 1980-களில் ஆனந்த் நகரின் தேசிய பால்வள வாரியம், ஆஸ்திரேலிய அறிஞர் லெங் என்பவரின் துணையோடு, யூரியாவும் சர்க்கரை ஆலைப் பாகும் தாது உப்பும் கலந்த நக்குக்கட்டியைப் பரப்பிற்று. வைக்கோல் தின்னும் கால்நடை அக்கட்டியைச் சிறிது சிறிதாக நக்கும்பொழுது நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் இடைவிடாமல் கிடைக்கிறது. வைக்கோல் விரைவில் செரிக்க, கால்நடை மேலும் உண்கிறது. யூரியாவை அளவின்றிக் கொடுத்தால் அது நஞ்சாகி உயிரைக் குடிக்கும். மெல்ல நக்கச்செய்வதன் நோக்கம் அதைத் தடுப்பதும் ஆகும். செம்மறிக்கென்றே 1962-இல் இராசஸ்தானத்து அவிகாநகரில் மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிலையம் தோன்றிற்று. நம் கொடைக்கானல் மலையில் உள்ள மன்னவனூரில் அதன் தென்னகக் கிளை இயங்குகிறது. 1995-இல் பெங்களூரில் தேசிய கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிலையம் நிறுவப்பட்டது.

ஆட்டின் வயிற்றில் குழாய் பொருத்தாமலே நுண்ணுயிர்ப் புரதத்தை மதிப்பிடும் வழியும் கிடைத்துள்ளது. நுண்ணுயிர்களின் உட்கருப் பொருள் செரித்துச் சிறுநீரில் அலன்டோயின் முதலிய பொருள்களாக வெளிவரும். அவற்றை அளந்து நுண்ணுயிர் விளைச்சலை ஊகிக்கலாம் என்னும் கருத்து 1965-இல் செம்மறிகளைக் கொண்டு வெளிப்பட்டது. 1997-இல் பன்னாட்டு அணுசக்தி முகமை இம்முறைக்கு ஒரு கையேடும் வெளியிட்டது. குறைந்த வசதியுள்ள ஆய்வகத்திற்கும் இது எட்டக்கூடியது.

இனிப் பொம்மையார்பாளையத்து நிலத்திற்கு வருவோம். இப்பகுதி மணிலாக் கொட்டைக்குப் பெயர்பெற்றது. எங்கள் பக்கத்து மக்கள் அதை மல்லாட்டை என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரித் துறையிலிருந்து கப்பலேறி, பிரான்சின் மார்சேல் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குச் சென்றது. எண்ணெய் பிழிந்த பின் எஞ்சும் புண்ணாக்கு அந்நாட்டு வயலுக்கும் தொழுவத்திற்கும் பயன்பட்டது. கொட்டை கப்பலேறியபொழுது, அதனுள் இருந்த புரதமும் நம் செம்மண் தந்த தழைச்சத்தும் உடன் சென்றன என்பதை அன்று கணக்கிட்டவர் யார்? பின்னர்த் திண்டிவனத்தில் அமைந்த எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் நல்ல மணிலா வகைகளை வெளியிட்டது. ஊரின் பெயரைத் தாங்கிய டி.எம்.வி. 2 என்னும் வகை 1940-இல் வந்தது.

இன்று இங்குள்ள ஆடு வளர்ப்போருக்கு அந்த மல்லாட்டையே வழிகாட்டுகிறது. கொட்டை பறித்தபின் எஞ்சும் கொடியை உலர்த்திச் சேமித்தால் அது கோடைக்கு வயிற்றை நிரப்பும் தீவனம். வைக்கோலைவிடப் புரதமும் மிக்கது. கம்பந்தட்டை, அகத்தி, கருவேலங்காய் ஆகியனவும் அவ்வாறே துணைசெய்யும். கருவேலங்காயில் உள்ள துவர்ப்புப் பொருள், அளவோடு இருந்தால், புரதத்தைப் பற்றி நுண்ணுயிர்களிடமிருந்து ஒருவாறு காக்கும். முதலில் வயிறு நிறையட்டும். பிறகு கைப்பிடிப் புண்ணாக்கு வரட்டும். அந்தக் கைப்பிடியையும் ஒரே வேளையில் கொட்டாமல் காலையும் மாலையும் பிரித்துக் கொடுத்தால் அம்மோனியா ஒருசேரப் பொங்காது. புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தால் தொடவே கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் பூஞ்சை நஞ்சேறிய மணிலாப் புண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன.

மாணவ நண்பர்களே! கெல்டாலின் காலத்தவர் கொடுத்ததை அளந்தனர். பின்வந்தோர் குடலை அடைந்ததை அளந்தனர். அதற்கும் பின்வந்தோர் குடல் எடுத்துக்கொண்டது போக எஞ்சியதை அளந்தனர். ஒவ்வொரு தலைமுறையும் அளவுகோலை இன்னும் ஒரு படி உள்ளே கொண்டுசென்றது. அங்கெல்லாம் புதிய உண்மை காத்திருந்தது. ஆசிரியத் தொழிலில் இருந்தோருக்கு இது புதிய பாடமன்று. கற்பித்தது வேறு, கற்றது வேறு என்பதை வகுப்பறை நாள்தோறும் காட்டும். உங்களுள் சிலர் நாளை கால்நடை மருத்துவராகலாம்; பலர் ஊரில் பத்து ஆடு வைத்திருக்கலாம். இந்தக் கோடையிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒத்த எடையுள்ள குட்டிகளை இரு கூட்டமாகப் பிரியுங்கள். இரண்டிற்கும் ஒரே அளவு புண்ணாக்கு. ஒரு கூட்டத்திற்கு மட்டும் அதற்கு முன்னர் வயிறார மல்லாட்டைக் கொடி. வாரந்தோறும் தராசில் நிறுத்து, ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். ஆனி பிறக்கும்பொழுது அக்குறிப்பேட்டை விரித்துப் பார்த்தால் விடை உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.